ஃபார்மேட் அடிக்கும் முன்பு ஒரு மணி நேரம்

கேள்வியைச் சுருக்கமாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். அப்பாவின் டெஸ்க்டாப், 2017-இல் வாங்கியது. 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. குரோமைத் திறந்தால் ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் ஜன்னலே வருகிறது. யூடியூப் திக்கித் திக்கி ஓடுகிறது. எதையாவது தேடினால் கூகுளுக்குப் பதிலாகக் கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம் வந்து நிற்கிறது. வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று பெட்டி முளைக்கிறது. அதே வைஃபையில் போன் நன்றாக வேலை செய்கிறது. ஹிஸ்டரி, கேஷ் எல்லாம் அழித்துப் பார்த்துவிட்டீர்கள். குரோமையே எடுத்துவிட்டு மறுபடி போட்டும் பார்த்துவிட்டீர்கள். மாற்றமில்லை. சர்வீஸ் கடையில் 'ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும்' என்கிறார்கள். அடிக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வது ஒரே கோளாறு மாதிரி தெரிகிறது, ஆனால் மூன்று தனித்தனிச் சங்கதிகள். மூலையில் முளைக்கும் பெட்டி ஒன்று. தேடல் திசை மாறுவது இன்னொன்று. மெதுவாக இருப்பது மூன்றாவது. முதல் இரண்டும் பைசா செலவில்லாமல் இன்றைக்கே போய்விடும். மூன்றாவதுக்குக் கொஞ்சம் செலவாகலாம், ஆனால் அந்தச் செலவு ஃபார்மேட்டுக்கு ஆவதல்ல.

நீங்கள் செய்து பார்த்த இரண்டும் ஏன் பலிக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் செய்வது இந்த இரண்டையும்தான். கேஷ் என்பது ஏற்கெனவே பார்த்த பக்கங்களின் படங்களையும் நிரல்களையும் டிஸ்க்கில் எடுத்து வைத்திருக்கும் இடம். மறுபடி அந்தப் பக்கத்துக்குப் போனால் இணையத்திலிருந்து இறக்காமல் அங்கிருந்தே எடுக்கும். அதாவது வேகத்துக்காகவே வைத்திருப்பது. அதை அழித்தால் அடுத்த ஒரு நாள் இன்னும் மெதுவாகத்தான் இருக்கும். கெட்டுப்போன கேஷால் ஒரு பக்கம் உடைந்து தெரிவது உண்டு, அதற்கு அந்தப் பக்கத்தில் நின்று கன்ட்ரோல், எஃப்5 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும். எல்லாவற்றையும் துடைத்துப்போட வேண்டியதில்லை.

மறுபடி இன்ஸ்டால் செய்ததும் அதே கதை. குரோமின் நிரல் ஓர் இடத்தில் இருக்கிறது. உங்கள் புரொஃபைல், அதாவது புக்மார்க், பாஸ்வேர்டு, எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் நாமே சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரல்), எந்தத் தளத்துக்கு என்ன அனுமதி கொடுத்தீர்கள் என்ற விவரம், எல்லாம் வேறொரு ஃபோல்டரில் இருக்கின்றன. குரோமை நீக்கும்போது 'உலாவல் தரவையும் அழிக்கவா' என்று கேட்கும் சின்னக் கட்டத்தை டிக் செய்யாவிட்டால் அந்த ஃபோல்டர் அப்படியே கிடக்கும். டிக் செய்தாலும், மறுபடி அதே ஜிமெயில் கணக்கில் நுழைந்து சிங்க் ஆனவுடன், அதாவது கணக்கில் சேமித்தவை மறுபடி இறங்கியவுடன், பழைய எக்ஸ்டென்ஷன்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டை இடித்துக் கட்டிவிட்டு, பழைய வாடகைக்காரரையே குடிவைத்த மாதிரி.

சரி, எங்கே தொடங்குவது? கணினியை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் அல்ல, ரீஸ்டார்ட். விண்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒன்று இருக்கிறது. அது இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் தன் உள்நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அடுத்த நாள் அதையே எடுத்துக்கொண்டு எழும். அப்பா தினமும் இரவு ஒழுங்காக அணைத்துவிட்டுப் படுத்திருப்பார், ஆனால் விண்டோஸைப் பொறுத்தவரை அது மாதக்கணக்கில் முழுசாகத் தூங்கவே இல்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். சிரிப்பாக இருக்கும், ஆனால் பாதிப் புகார்கள் இங்கேயே முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. குரோமின் வலது மேல் மூலையில் உங்கள் புரொஃபைல் படம் இருக்கும். அதைத் தட்டினால் கீழே 'கெஸ்ட்' என்று வரும். அதைத் திறந்தால் எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாத, பழைய குக்கி (தளங்கள் நம்மை நினைவில் வைக்கப் பிரவுசரில் விட்டுச்செல்லும் சின்னக் குறிப்பு) எதுவும் இல்லாத, வெறும் பிரவுசர் கிடைக்கும். அதில் வழக்கமாகப் பார்க்கும் நான்கு பக்கங்களைத் திறந்து பாருங்கள். கெஸ்ட்டில் பறக்கிறது, அப்பாவின் ஜன்னலில் தவழ்கிறது என்றால் கோளாறு புரொஃபைலுக்குள் இருக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி தவழ்ந்தால் கணினியைப் பார்க்க வேண்டும், அல்லது இணைப்பைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு விடை தெரியாமல் எதையும் அழிக்காதீர்கள்.

இந்த இடத்தில் சிலர் 'எட்ஜில் திறந்து பார்த்தேன், அதிலும் இதே கதை, அப்படியானால் குரோம் மேல் தப்பில்லை' என்பார்கள். 2020 ஜனவரியிலிருந்து எட்ஜும் குரோமும் ஒரே குரோமியம் அடித்தளத்தில் ஓடுகின்றன. இரண்டாவது டாக்டரிடம் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு முதல் டாக்டரின் தம்பியிடம் போகிறார்கள். ஒப்பிட வேண்டுமானால் ஃபயர்ஃபாக்ஸை இறக்கிப் பாருங்கள், அதன் எஞ்சின் வேறு.

இனி அந்த மூலைப் பெட்டி. அடுத்த முறை அது வரும்போது மூடிவிடாமல் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சிவப்பு எழுத்தில் வைரஸ் என்று கத்தும், ஒரு பிரபல ஆன்டிவைரஸின் சின்னம் போட்டிருக்கும். ஆனால் அந்தப் பெட்டியிலேயே பொடி எழுத்தில் ஒரு முகவரி இருக்கும், பக்கத்தில் குரோமின் பெயரும் இருக்கும். அந்த முகவரியைப் படித்தால் எந்த ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத, வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர். அது வைரஸ் அல்ல. உங்கள் கணினியை யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை. ஏதோ ஒரு தளம் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்டிருக்கிறது, அப்பா 'அலவ்' கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

அப்பாவைத் திட்டாதீர்கள். அவர்கள் கேட்கும் விதம் அப்படி. சீரியலின் நேற்றைய எபிசோடையோ ஒரு பிடிஎஃப்பையோ தேடிப் போனால், நடுவில் ஒரு பக்கம் வந்து 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்துங்கள்' என்கும். உண்மையான ரோபோ சோதனை எதுவும் அந்த அலவ் பொத்தானைக் கேட்காது. இது தெரியாமல் அழுத்தாதவர் யார்? என் பக்கத்து வீட்டு மாமாவின் லேப்டாப்பில் இப்படி அனுமதி வாங்கியிருந்த தளங்களை எண்ணியபோது முப்பதைத் தாண்டியது. அவருக்கு நினைவில் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் பேப்பர்க்காரர்களுடையது.

எடுப்பது சுலபம். குரோமில் செட்டிங்ஸ், அதில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதில் 'சைட் செட்டிங்ஸ்', அதில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அனுமதி பெற்ற தளங்களின் வரிசை அங்கே இருக்கும். தெரியாத பெயர் அத்தனையையும் நீக்குங்கள். மேலே, இனிமேல் எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்ற தேர்வும் இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் கணினியில் நான் யோசிக்காமல் அதைத்தான் போடுவேன். அதனால் இழப்பது ஒன்றும் பெரிதாக இல்லை. இன்னொன்று: அந்தப் பெட்டியைத் தட்டினால் சில சமயம் முழுத்திரையில் சைரன் சத்தத்தோடு ஒரு பக்கம் திறந்து, 'இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள்' என்கும். அழைக்கவே கூடாது. திரை பூட்டிக்கொண்ட மாதிரி இருந்தால் ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்த்து அழுத்தினால் மூடிக்கொள்ளும். அதுவும் கேட்கவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் குரோமை முடித்துவிடுங்கள்.

தேடல் திசை மாறுவது அநேகமாக எக்ஸ்டென்ஷன் வேலை. பிடிஎஃப் மாற்றி, கூப்பன் தேடி, வீடியோ இறக்கி என்று ஏதோ ஒரு வேஷத்தில் உள்ளே வந்திருக்கும். எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் 'இதை யார் போட்டது, எதற்கு' என்று அப்பாவிடமே கேளுங்கள். பதில் இல்லாததை நீக்குங்கள். பதில் இருந்தாலும் முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் குரோமை மூடித் திறந்து பாருங்கள். கோளாறு போய்விட்டால் ஒவ்வொன்றாக ஆன் செய்துகொண்டே வாருங்கள். பத்துப் பதினைந்து இருந்தால் பாதிப் பாதியாகப் பிரித்து ஆன் செய்தால் நாலு சுற்றில் கள்ளனைப் பிடித்துவிடலாம்.

'ஆனால் அது நல்ல எக்ஸ்டென்ஷன், ஐந்து வருடமாக வைத்திருக்கிறேன்' என்பவர்களுக்கு ஒரு கதை. தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது. பயன்படுத்தாத டேப்களைத் தூங்க வைத்து ரேமை மிச்சப்படுத்தும் எக்ஸ்டென்ஷன், இருபது லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். அதன் நிரல் எல்லாருக்கும் திறந்தே இருந்தது. 2020 ஜூனில் அதை உருவாக்கியவர் வேறொருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றே தெரியவில்லை. சில மாதத்தில் புதிய பதிப்பு தானாக எல்லாருடைய கணினிக்கும் வந்தது, அதில் சந்தேகத்துக்குரிய நிரல் இருந்ததைச் சிலர் கண்டுபிடித்தார்கள். 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீம்பொருள் என்று சொல்லிக் கடையிலிருந்து தூக்கியது, போட்டிருந்தவர்கள் கணினியிலும் முடக்கியது. நீங்கள் அனுமதி கொடுத்தது ஒருவருக்கு, இப்போது உள்ளே இருப்பது இன்னொருவராக இருக்கலாம். எக்ஸ்டென்ஷன் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருக்கச் சொல்வது வேகத்துக்காக மட்டும் இல்லை.

எக்ஸ்டென்ஷனை நீக்க விடாமல் நீக்கும் பொத்தானே மங்கிக் கிடந்தால் கொஞ்சம் உஷாராகுங்கள். குரோமின் மெனுவில் அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் அது இயல்பு. அப்பாவின் வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம்? சில ஆன்டிவைரஸ்கள் இப்படிச் செய்வதுண்டு, ஆனால் தேடலும் திசை மாறுகிறது என்றால் ஏதோ ஒரு நிரல் விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் புகுந்து குரோமுக்குக் கட்டளை எழுதி வைத்திருக்கிறது என்று பொருள். முகவரிப் பட்டியில் ஆங்கிலத்தில் குரோம் என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்வுக்கோடு, பிறகு பாலிசி என்று அடித்தால் அந்தக் கட்டளைகள் பட்டியலாகத் தெரியும். அந்த நிலையில் விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸை வைத்து 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்கள். பிறகு நிரல்கள் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய வாரத்தில் என்ன வந்து சேர்ந்தது என்று பாருங்கள். முன்பு குரோமிலேயே ஒரு துப்புரவுக் கருவி இருந்தது, 2023-இல் எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு பழைய தந்திரம்: டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஐகானை ரைட் கிளிக் செய்து 'புராபர்ட்டீஸ்' திறந்து 'டார்கெட்' என்ற கட்டத்தைப் பாருங்கள். மேற்கோள்குறி முடிந்த பிறகு, ஓர் இடைவெளி விட்டு ஏதாவது வலைமுகவரி ஒட்டியிருந்தால் அதை வெட்டி எறியுங்கள். குரோமைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் இது சிக்காது, ஏனென்றால் இது குரோமுக்கு வெளியே, ஐகானில் இருக்கிறது.

இப்போது வேகம். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

குரோமைத் திறந்து வைத்துக்கொண்டு ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் அழுத்துங்கள். பிரவுசருக்கென்றே ஒரு குட்டி டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் குரோம் குரோம் என்று இருபது வரி இருக்கும், எது எதற்கு என்று தெரியாது. இதில் ஒவ்வொரு டேப்பும் எக்ஸ்டென்ஷனும் பெயரோடு நிற்கும், எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு என்று. மெமரி தலைப்பைத் தட்டினால் பெருந்தீனிக்காரன் மேலே வருவான். யாருமே பார்க்காத ஒரு செய்தித்தளத்தின் டேப், தானாக ஓடும் விளம்பர வீடியோக்களோடு, நூற்றுக்கணக்கான எம்பியைத் தின்றுகொண்டு பின்னால் கிடப்பதை அங்கே நேரில் பார்க்கலாம். அதைத் தேர்ந்து 'எண்ட் பிராசஸ்' கொடுத்தால் அந்த டேப் மட்டும் சாகும், மற்றவை பிழைக்கும். ஃபயர்ஃபாக்ஸிலும் இதற்கு இணையான பக்கம் உண்டு.

ஏன் இத்தனை பிராசஸ் என்று கோபம் வரும். 2008-இல் குரோம் வந்தபோது அதன் பெருமையே அதுதான். அதற்கு முன்பெல்லாம் ஒரு பக்கம் ஹேங் ஆனால் மொத்தப் பிரவுசரும் போய்விடும், பாதி எழுதிய மெயிலோடு சேர்த்து. குரோம் ஒவ்வொரு டேப்பையும் தனி அறையில் பூட்டி வைத்தது, ஓர் அறை எரிந்தாலும் பக்கத்து அறைக்குச் சேதமில்லை. பிறகு 2018 தொடக்கத்தில் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் ஓட்டை வெளியானது. ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் ரகசியத்தை எட்டிப் பார்க்க வழி இருக்கிறது என்று தெரிந்ததும், ஒரே டேப்பில் வரும் வெவ்வேறு தளங்களின் துண்டுகளையும் தனித்தனி பிராசஸில் போட ஆரம்பித்தார்கள். இதனால் மெமரிச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று அப்போது கூகுளே சொன்னது. ஆக, அப்பாவின் கணினி 2017-இல் வாங்கியபோது நன்றாக ஓடியதும், இப்போது ஓடாததும் இரண்டும் உண்மை. கணினி மாறவில்லை, அதன்மேல் வைக்கும் சுமை மாறிவிட்டது.

4 ஜிபியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரேம் என்பது அடுப்பு மேடை. ஹார்ட் டிஸ்க் என்பது பரண். மேடையில் இடம் இருக்கும்வரை சமையல் மளமளவென்று நடக்கும். இடம் தீர்ந்துவிட்டால் ஒரு டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டுத்தான் இன்னொன்றை இறக்க வேண்டும். கடுகு தாளிக்க ஒரு முறை ஸ்டூல் போட்டு ஏறு, கறிவேப்பிலைக்கு ஒரு முறை ஏறு. விண்டோஸ் செய்வது அதையேதான். டேப் மாற்றும்போது ஐந்து வினாடி வெள்ளைத் திரை தெரிகிறதே, அது ஸ்டூலில் ஏறி இறங்கும் நேரம்.

உறுதி செய்துகொள்ள விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் மெமரியையும் டிஸ்க்கையும் பாருங்கள். குரோம் திறக்கும்போது மெமரி 90 சதவீதத்துக்கு மேல் போய், டிஸ்க் 100 சதவீதத்தில் போய் நட்டுக்கொண்டு நின்றால், நோய் தெரிந்துவிட்டது. அதுவும் டிஸ்க் சுழலும் தட்டு வகை என்றால், அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை அது ஒரு வினாடிக்கு நூறு தடவை போலத்தான் எடுத்துக் கொடுக்கும். ஊசிமுனை நகர வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் சிப் வகைச் சேமிப்பகம்; அதில் நகரும் பாகமே இல்லை, சாதாரண ஒன்றே பல்லாயிரம் தடவை எடுக்கும். பரணை இடித்துவிட்டு மேடைக்குப் பக்கத்திலேயே அலமாரி வைத்த மாதிரி.

அதனால் காசு செலவழிப்பதாக இருந்தால் முதல் காசு எஸ்எஸ்டிக்கு, இரண்டாவது காசு ரேமுக்கு. இந்த வரிசையில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2017 டெஸ்க்டாப்பில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி எதுவானாலும் பொருந்தும், 240 ஜிபி போதும், பழைய டிஸ்க் படங்களுக்கும் பாட்டுகளுக்கும் இருக்கட்டும். ரேம் வாங்கும்போது மட்டும் டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. அந்த ஆண்டுகளில் இரண்டு வகையும் விற்றார்கள். விலை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் நான் இங்கே எண் சொல்லவில்லை.

செலவில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. குரோம் செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி சேவர்' இருக்கிறது, 2022 கடைசியில் வந்தது. பார்க்காத டேப்களைத் தூங்க வைக்கும், அதாவது அந்த கிரேட் சஸ்பெண்டர் செய்த வேலையை இப்போது பிரவுசரே செய்கிறது. 'சிஸ்டம்' பகுதியில், குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓடலாம் என்ற அனுமதியை அணையுங்கள். குரோம் திறக்கும்போது நேற்று விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அப்பாவின் ஒன்றரை நிமிடக் காத்திருப்பில் பாதி, நேற்றைய பதினெட்டு டேப்கள் ஒரே நேரத்தில் எழுந்து வரும் நேரமாக இருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்டப்' பக்கத்தில் தேவையில்லாததையும் முடக்குங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்று போதும். 'கணினியை வேகமாக்குகிறோம்' என்று வரும் கிளீனர்கள் ஒன்றுகூட வேண்டாம், அவையே தினமும் எழுந்து டிஸ்க்கைக் குடைந்துகொண்டிருக்கும்.

யூடியூப் திக்குவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஓடும் வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து, கடைசியில் இருக்கும் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறங்கள். கறுப்புக் கட்டம் ஒன்று வரும். அதில் 'டிராப்டு' என்ற எண் விறுவிறுவென்று ஏறினால், காட்சிகள் வந்து சேர்ந்தும் கணினியால் வரைய முடியாமல் கீழே போடுகிறது என்று அர்த்தம். அதை விட்டு 'பஃபர் ஹெல்த்' என்ற வினாடிக் கணக்கு சுழியத்தை நோக்கி இறங்கினால், இணைப்பு போதவில்லை என்று அர்த்தம். இந்த இரண்டு எண்ணையும் பார்க்காமல் பிராட்பேண்ட் பிளானை மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

டிராப்டு ஏறுகிறது என்றால் அதே கட்டத்தில் 'கோடெக்ஸ்' வரியைப் பாருங்கள். ஏவி01 என்றோ விபி09 என்றோ இருக்கும். இணைய அளவை மிச்சப்படுத்த வீடியோவை இறுக்கிச் சுருட்டி அனுப்பும் முறைகள் இவை. பிரிப்பதற்குக் கணினி உழைக்க வேண்டும். அதற்கென்றே தனிப் பகுதி சிப்பில் இருந்தால் அலுங்காமல் ஓடும். இன்டெல்லில் விபி9-க்கு அது முழுமையாக வந்தது ஏழாம் தலைமுறையில், ஏவி1-க்கு வந்தது பதினோராம் தலைமுறையில். அதற்கு முந்தைய சிப் என்றால் ப்ராசஸரே தலையில் தூக்கிச் சுமக்கும். 2017-இல் வாங்கியதால் ஏழு என்று நினைத்துவிட வேண்டாம், அப்போது கடைகளில் நாலாம் தலைமுறையும் புதுப் பெட்டியில் விற்றது. தீர்வு சாதாரணமானது: 1080-இலிருந்து 480-க்கு இறக்குங்கள், அப்பாவின் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது. செட்டிங்ஸின் சிஸ்டம் பகுதியில் 'கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன்' ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனில் இருந்தும் திரை மினுமினுக்கிறது, கறுப்புக் கட்டம் கட்டமாக வருகிறது என்றால் அது டிரைவர் (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) கோளாறு, ஒரு முறை அணைத்துப் பார்க்கலாம்.

போன் நன்றாக ஓடுவதால் இணைப்பு சரி என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அது அரை உண்மை. போன் 5 கிகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருக்கும். டெஸ்க்டாப்பின் பின்னால் செருகியிருக்கும் கட்டைவிரல் அளவு வைஃபை குச்சி 2.4-இல் மட்டும் பேசும், அதுவும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு. ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை ஒரு நாள் இழுத்துச் செருகிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். ஒவ்வொரு புதுத் தளத்துக்கும் முதலில் நாலைந்து வினாடி ஒன்றுமே நடக்காமல், பிறகு சட்டென்று மொத்தமும் வந்தால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) பக்கம் சந்தேகப்படலாம், ரூட்டரில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்கள். எல்லாமே சீராக மெதுவாக இருந்தால் அதை மாற்றி ஒன்றும் ஆகாது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த வயதுக் கணினியில் அடுத்து வரப்போவது இது என்பதால் சொல்லிவைக்கிறேன். ஒரு நாள் காலையில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பு எச்சரிக்கை வரும். கூகுளும் திறக்காது, வங்கியும் திறக்காது. ஒரு தடவை இப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவர்கள் இரண்டு பிரவுசரை மாற்றி, ஒரு ஆன்டிவைரஸும் காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள். திரையின் வலது மூலையில் கடிகாரம் 2012 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டிருந்தது. மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அது. அது தீர்ந்துவிட்டால் கரண்ட் போய் வந்ததும் தேதி பின்னுக்குப் போய்விடும். ஒரு தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. 2020 செப்டம்பரில் அதிகபட்சம் 398 நாள் என்று வரம்பு வைத்தார்கள், இப்போது அதையும் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். 2012-இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லாத ஆவணங்கள். நிராகரிக்கத்தானே செய்யும்? வாட்ச் கடையில் கிடைக்கும் பேட்டரி அது, மாற்ற ஐந்து நிமிடம்.

ஒரே ஒரு தளம் மட்டும் அடம்பிடித்தால், உதாரணமாக வங்கித் தளம் லாகின் செய்தவுடன் மறுபடி லாகின் பக்கத்துக்கே தள்ளினால், மொத்தக் குக்கியையும் அழிக்காதீர்கள். முகவரிக்கு இடதுபக்கம் இருக்கும் சின்ன ஐகானைத் தட்டி அந்தத் தளத்தின் குக்கியை மட்டும் நீக்குங்கள். மற்ற தளங்களில் மறுபடி பாஸ்வேர்டு தேடி அலைய வேண்டியிருக்காது.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதனால் இன்றைக்குக் குரோம் மெதுவாகவில்லை. ஆனால் விண்டோஸ் 7-க்கு நடந்தது இதற்கும் ஒரு நாள் நடக்கும்: 109-ஆம் பதிப்போடு குரோம் அங்கே நின்றுபோனது, பிறகு தளங்கள் ஒவ்வொன்றாக உடைந்து தெரிய ஆரம்பித்தன. இன்டெல் சிப்பாக இருந்து எட்டாம் தலைமுறைக்குக் கீழே என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. பிரவுசரும் யூடியூப்பும் மட்டும் போதும் என்கிற அப்பாக்களுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முதல் வாரம் முணுமுணுப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.

ஆக, இன்று இரவு நோட்டிஃபிகேஷனையும் எக்ஸ்டென்ஷனையும் முடித்துவிடுங்கள். பிறகும் கெஸ்ட் ஜன்னல் மட்டும்தான் வேகம் என்றால் செட்டிங்ஸில் 'ரீசெட்' கொடுங்கள். புக்மார்க், ஹிஸ்டரி, பாஸ்வேர்டு போகாது. எக்ஸ்டென்ஷன் அணையும், தேடல் எஞ்சின் பழையபடி வரும், குக்கி போவதால் தளங்களில் மறுபடி நுழைய வேண்டியிருக்கும். அதிலும் தீரவில்லை என்றால் புதிய புரொஃபைல் ஒன்று உருவாக்கி அதில் பழகச் சொல்லுங்கள். பழையதை அழிக்கும் முன் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் கூகுள் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்று போனில் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பாஸ்வேர்டுகளை ஃபைலாக எடுத்தால் அது யார் திறந்தாலும் படிக்கிற வெறும் எழுத்தாக இருக்கும், வேலை முடிந்ததும் நீக்கிவிட்டு ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100-இல் நட்டுக்கொண்டு நின்றது உறுதியானால் கடைக்குப் போகலாம். ஆனால் 'ஃபார்மேட் பண்ணுங்க' என்று சொல்லாதீர்கள். 'எஸ்எஸ்டி போட்டு அதில் புதிதாக விண்டோஸ் ஏற்றுங்கள், பழைய டிஸ்க்கைத் தொடாமல் இரண்டாவதாக மாட்டிக் கொடுங்கள்' என்று சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்திலேயே நின்று பாருங்கள். நிற்க முடியாது என்றால் அந்தப் பழைய டிஸ்க்கை முதலில் கழற்றி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், அப்பாவின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும்.